செப்புக் காசு

18 பிப்ரவரி 2016, மோசூல்
என் மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிய கிழவர், இப்போது ஊரைப் பிடித்து வைத்திருக்கும் கறுப்புக்கொடிக்காரர்கள் அச்சடித்த செப்புக் காசை நீட்டினார். கை கூசியது. ஆனாலும் கண் போனது. முகம் கிடையாது, வெறும் எழுத்து. சுல்தான், மன்னர்கள், குடியரசு என்று இந்த ஊரை ஆண்ட எல்லோருடைய காசும் என் நாணயத் தட்டுகளில் இருக்கின்றன. இவர்களுடையது மட்டும் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி ரபாப் பார்த்துவிட்டாள். "இவனுங்க காசயுமா சேத்து வைக்கணும்? நாளைக்கு இவனுங்க ஓடிட்டா இது யார் தலையில விடியும்?"

"அவங்க இருந்தாங்கங்கறதுக்குச் சாட்சி வேணாமா?"

"தெருவுக்குத் தெரு சமாதி இருக்கு. போதாதா?"

எல்லாவற்றுக்கும் இவளிடம் ஒரு பதில்.

19 பிப்ரவரி
பேச்சுவார்த்தை இல்லை. ரொட்டி மட்டும் வந்தது.

2 மார்ச் 2017
ராணுவம் ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டதாம். எங்களைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். கடைகளில் மாவு இல்லை. பதுக்கியவர்கள் வெள்ளிக்குத்தான் தருகிறார்கள். சுல்தான் காலத்து வெள்ளிகளைத் தட்டான் தாவூதிடம் கொண்டுபோனேன். தேதியைக்கூடப் பார்க்காமல் தராசில் கொட்டினான். "சுல்தானா இருந்தா என்ன மாமா, எடை எடைதான்."

அழுகை வந்தது. மாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

9 ஏப்ரல்
மன்னர்களையும் தின்று முடித்தோம். விறகு இல்லாததால் அடுப்பில் தபால்தலை ஆல்பங்கள் எரிகின்றன. பழைய நோட்டுகள் நேற்றே போயாயிற்று. ஹாரித் அடுப்பின் முன் குத்துக்காலிட்டு, "அப்பா, இன்னைக்கு எந்த நாட்ட எரிக்கலாம்?" என்றான்.

"பெல்ஜியம்."

பத்தொன்பது வயதில் இவனுக்கு மட்டும் எங்கிருந்து சிரிப்பு வருகிறது? நானும் சிரித்தேன். கோதுமை அரைவேக்காடு.

21 மே
மிஞ்சியது அந்தச் செப்புக் காசு ஒன்றுதான். தாவூத் தொடவே இல்லை. "இத என் கடைப் பக்கமே கொண்டு வராதீங்க."

"கிணத்துல போட்டுடுங்க," என்றாள் ரபாப். சரி என்றேன். கிணறு வரை போனேன். நாற்பது வருடம் சேர்த்ததில் மிச்சம் இது ஒன்று. போட முடியவில்லை. போட்டாயிற்று என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. குண்டுச் சத்தத்தைவிட இதுதான் தூங்கவிடவில்லை.

6 ஜூலை
ராணுவம் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். ரபாப் ஒரு சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வீட்டைச் சோதித்தார்கள். காலி மாத்திரை டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் அது. கீறல் படக்கூடாது என்று நான்தான் சுற்றி வைத்தேன் — எந்தக் காசையும் அப்படித்தானே வைப்பேன்?

"பச்சப்புள்ள மாதிரி பொத்தி வச்சிருக்கீங்களே," என்றான் அதிகாரி.

"நான் காசு சேக்கறவன்ங்க."

"மத்த காசெல்லாம் எங்க?"

"தின்னுட்டோம்."

சிரித்தார்கள். "எல்லாத்தயும் தின்னுட்டு இத மட்டும் வச்சிருக்க. அவ்வளவு பாசமா?"

என் நெஞ்சுவலி ஹாரித்துக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள், "அது என்னுது," என்றான்.

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலில் செருப்புகூட இல்லை.

ரபாப் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டுத் தொலையக்கூடாதா?

11 ஜூலை
பிடித்துப்போனவர்களை அடைத்திருக்கும் முகாம் வாசலில் வரிசை, எல்லாம் அப்பாக்கள். ஒருவர், அந்த போன் தன்னுடையது என்றார். இன்னொருவர், கறுப்புச் சட்டை தன்னுடையது, மகனுடையது இல்லை என்றார். நான் காசு என்னுடையது என்றேன்.

சிப்பாய் நிமிரவில்லை. "எல்லா அப்பனும் இதத்தான்யா சொல்றான். அடுத்த ஆள்."

3 அக்டோபர்
இன்றும் போனேன். வாசலில் புது ஆள் நிற்கிறான். முதலிலிருந்து சொன்னேன்.