தங்கை வீட்டுக்குக் கொடுத்த மண்

1973 ஏப்ரல் 9

கம்பெனிக்குப் பின்னால் சக்கை மேடு மதில் உயரத்துக்கு வந்துவிட்டது. குரோம் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை. உப்பு பொம்மிடியில் ரயிலேறித் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போய்விடுகிறது, சக்கை எங்கும் போவதில்லை. மானேஜர் ஸ்டோருக்கே வந்து, "மரியசூசை, யார் கேட்டாலும் குடுத்தனுப்புங்க, இடம் காலியானா போதும்" என்றார். பதினொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். இந்த ஆள் எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 15

குருத்து ஞாயிறு. பூசை முடிந்து சகாயமேரி வீடு கட்டும் இடத்துக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அப்பால், பள்ளமான நிலம். கடைக்கால் எழும்பி நிற்கிறது. உள்ளே நிரப்ப மண் கிடைக்காமல் அவள் புருஷன் சவரிராயன் அலைந்து சலித்திருக்கிறார். தங்கை வீடு கட்டினால் அண்ணன் சீர் செய்ய வேண்டும். எனக்குச் சட்டென்று சக்கை மேடு ஞாபகம் வந்தது.

"மண்ணு நான் போடறேன் மாப்ள. அதுதான் என் சீரு."

"வெண்கலப் பானை வரும்னு பாத்தா மண்ணு குடுக்கறீங்களா அண்ணா?" என்று சகாயமேரி சிரித்தாள். நானும் சிரித்தேன். மூளைக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 28

பதினாறு வண்டி சக்கை. தண்ணீர் ஊற்றித் திம்சுக் கட்டையால் இடித்ததும் கல்லாக இறுகிவிட்டது. கொத்தனார் இதுபோல மண் பார்த்ததில்லையாம்.

ஜூன் 3

வீடு மந்திரிப்பு. சாமியார் மூலை மூலையாகத் தீர்த்தம் தெளித்தார். நான்கு மாதப் பிள்ளை ரோசம்மாவை என் மடியில் போட்டுவிட்டுச் சகாயமேரி பந்தி கவனித்தாள். என் பெண்டாட்டி ராயம்மாள் இருந்திருந்தால் எனக்கும் ஒன்று இருந்திருக்கும். அவள் போய் மூன்று வருஷம். போகட்டும். இந்தக் குட்டி இருக்கிறது.

செப்டம்பர் 30

நான்கு நாள் மழை. சகாயமேரி வீட்டுச் சுவரின் அடியில் முழம் உயரத்துக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது. தரையிலும் திட்டுத் திட்டாக. "சுண்ணாம்புல ஏதோ கலப்படம் மச்சான்" என்கிறார் சவரிராயன்.

"புது வூட்டு ஈரம். காஞ்சா போயிடும்" என்றேன்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். கம்பெனிச் சாக்கடையில் தினமும் பார்க்கிற மஞ்சள்.

அக்டோபர் 11

ரோசம்மா தவழ்கிறாள். இரண்டு முழங்காலிலும் புண். உள்ளங்கையிலும். கம்பவுண்டர் களிம்பு கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 12

கம்பெனிச் சூளையில் வேலை செய்யும் முனாப்பைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். அதே புண், குழி விழுந்து.

"தொடாம இருந்தா ஆறிடுங்க. தொட்டுக்கிட்டே இருந்தா எந்த மருந்துக்கும் கேக்காது" என்றான். பிறகு தலையைத் தூக்கி மூக்கைக் காட்டினான். நடுத்தண்டில் ஓட்டை. "வலியே இல்லீங்க. வாசனைதான் தெரியல. எனக்குப் பிரியாணியும் ஒண்ணுதான், பழைய சோறும் ஒண்ணுதான்." அவன் சிரித்தான்.

ரப்பர் கையுறை என் ஸ்டோரில்தான் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கொடுப்பேன். அவர் போனதும் வாங்கிப் பூட்டிவிடுவேன். என்ன மனுஷன் நான்?

அக்டோபர் 14

போனேன். சொல்லவில்லை. குழந்தை என்னைப் பார்த்ததும் தரையில் வேகமாகத் தவழ்ந்து வந்தது — ஐயோ.

அக்டோபர் 21

சொல்லிவிட்டேன். சகாயமேரி கத்தவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். நான் இருந்த வரைக்கும் கீழே விடவில்லை.

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"தெரியாது சகாயம்."

அது உண்மையா? பதினொரு வருஷம் முனாப்பின் கையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன். அதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

நவம்பர் 10

ஐந்து நாளாகத் தங்கை வீட்டுத் தரையில் கடப்பாரை. நானும் சவரிராயனும்தான். ஸ்டோரிலிருந்து கையுறை எடுத்துப் போனேன். தோண்டியதை வண்டியேற்றிக் கம்பெனி கேட்டுக்குக் கொண்டுபோனோம். மானேஜர் வெளியே வந்தார். "வாங்கிட்டுப் போனது நீங்க. இனி அது கம்பெனி சரக்கு இல்ல" என்று கேட்டைச் சாத்தச் சொன்னார்.

மாடுகள் ரோட்டில் நின்றன. சவரிராயன் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஏரியில தள்ளிடலாமா மச்சான்?"

ஊரே குடிக்கிற ஏரி.

"என் வூட்டுக்கு ஓட்டுங்க" என்றேன்.

நவம்பர் 19

கையுறைகளை எல்லாம் சூளை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் திரும்ப வாங்கவில்லை.

நவம்பர் 20

வேலை போயிற்று.

டிசம்பர் 6

மழை. என் கொல்லையில் சக்கைக் குவியலிலிருந்து தண்ணீர் மஞ்சளாக இறங்குகிறது. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் கிணற்றுக்கு அது போகாமல் விடியற்காலையிலிருந்து வரப்புப் போட்டேன். எத்தனை மழைக்கு இந்த வரப்புத் தாங்கும்?

1974 பிப்ரவரி 3

ரோசம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது. வடு இருக்கிறது. நேற்று ஒரு வயது முடிந்ததாம், பொங்கல் கொண்டு வந்தாள் சகாயமேரி. ரோட்டிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"உள்ள வா சகாயம்."

"வேண்டாங்கண்ணா. எறக்கி விடச் சொல்லி அடம் புடிக்கறா. நீங்க நம்ம வூட்டுக்கு வாங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. நான் காலையிலிருந்து வரப்பில் நின்றவன், சட்டையெல்லாம் சக்கைத் தூசி. "இரு, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று ஓடினேன். துவைத்த சட்டை போட்டு வந்தபோது வெயிலில் தூங்கிவிட்டிருந்தாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ரயில்வே கேட் வரைக்கும் தூக்கிப் போய்த் தங்கை கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.