பூட்டிய கதவுக்கு நான்கு வரி

ஜூன் 4, புதன்
எல்லாம் நான் முன்பே சொன்னபடிதான் நடக்கிறது. சீட்டு என் குடும்பத்தைக் கலைக்கும் என்று பத்து வருடம் முன்பே, கையில் பதின்மூன்று சீட்டை விசிறிபோல் பிடித்துக்கொண்டு சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பது நாள். போகும்போது சொன்னது: “சீட்டு ஆடுனதுகூடப் பரவால்லைங்க. வாயத் தொறந்தா புளுகு. அதான் முடியல.”

சீட்டை விட நினைப்பவர்கள் கூடும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு நானாகவே போனேன். சரி, எங்கள் பஸ் டிப்போ மேனேஜர் அனுப்பினார். அதை நடத்தும் நர்ஸம்மா ஒரு நோட்டு கொடுத்தார். ஆடச் சொல்லிக் கை நமநமக்கும்போது பத்து வரி எழுத வேண்டுமாம். “எழுதி முடிச்சுட்டுப் போகணும்னா போங்க. தடுக்க மாட்டோம்.” நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே மிரண்டிருக்கிறார். எழுதுவேன்.

ஜூன் 9
கை நமநமத்தது. எழுதினேன். ஏழாவது வரியில் டீ வந்தது. எட்டாவதில் நமைச்சல் போன இடம் தெரியவில்லை.

ஜூன் 17
டிப்போவில் டயர் மாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே. நோட்டு பையில், பை அலமாரியில். விடுவேனா? குறி போடும் சாக்பீஸால் டயரிலேயே எழுதினேன்:

சீட்டுக்கட்டே, உனக்கு ஐம்பத்திரண்டு முகம்.
எனக்கு ஒன்றுதான்.
அதையும் கலைத்துப் போட்டாய்.
இனி என் கை.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. சாயங்காலம் டிரைவர் வந்து நின்றார். “அண்ணே, மூணாவது வரி சேத்துல போயிருச்சு. என்ன எழுதியிருந்தீங்க?” ஊரெல்லாம் சுற்றி வந்த கவிதை. லட்சம் பேராவது படித்திருப்பார்கள். ஓடுகிற சக்கரத்தில் எப்படிப் படித்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு
மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவி உள்ளறையை விட்டு வரவில்லை. மச்சான்தான் பேசினார். “என்ன மாப்ளே, சீட்டு போயி கவித வந்துருச்சாமே. அதுவே தேவல. ஆடும்போதாவது வாய மூடிட்டு உக்காந்திருப்பீங்க.”

சிரிக்கட்டும். அவர் வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பத்து வரி எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். பத்தும் அவரைப் பற்றி.

ஜூலை 3
உலகமே, நன்றாகப் படித்துக்கொள். இன்று கால் தானாகப் பழைய ஆட்ட அறைக்குப் போய்விட்டது. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே சீட்டு கலைக்கும் சத்தம். நான்கு பேரும் எழுந்து “வாங்க தலைவரே” என்றார்கள். ஒருவன் நாற்காலியைத் துண்டால் துடைத்தே வைத்தான். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்
“வாசலில் திரும்பியவன்.” கூட்டத்தில் படித்தேன். நான்கு பேர் ஒன்பது பேராகியிருந்தார்கள், கவிதைக்குத் தேவைப்பட்டது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் குடும்பத்தாரையும் அழைக்கிறார்களாம். அங்கேயும் இதையே படிக்க வேண்டுமாம்.

ஜூலை 16, புதன்
கடைசி வரிசையில் மச்சான். பக்கத்தில் அவள். நான் படித்த படிப்பில் மின்விசிறிகூட நின்று கேட்டது.

முடிந்ததும் அவள் கிட்டே வந்தாள். “தொறந்த கதவப் பாத்துட்டுத் திரும்பி வந்தீங்கல்ல. அது போதும் எனக்கு. ஞாயித்துக்கெழம வர்றேன்.” மச்சான் என் தோளைத் தட்டினார். ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 17
ஒரு வரிகூட வரவில்லை.

ஜூலை 18
கை தாங்க முடியாமல் நமநமக்கிறது. எழுத உட்கார்ந்தால் அந்தக் கதவுதான் வருகிறது, பேனா அதில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன்? ஆடல இல்ல? உள்ள போகல இல்ல? — அப்புறம் ஏன்யா எழுத வரல? புளுகு சொல்லிப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றதுக்குப் பேரு ஜெயிக்கிறதா? சீட்ட ஒளிச்சு வச்சு ஆடுறவன நானே நாலு பேர் முன்னாடி கேவலமாப் பேசியிருக்கேன்.

முடியாது. இந்த ஆட்டத்தையும் விடுகிறேன். அவள் வராவிட்டால் வராமல் போகட்டும்.

இப்படி எழுதிவிட்டேன். வர வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு
பத்து வரி தேவைப்படவில்லை. நான்கு போதும் என்றது பேனா:

கதவு பூட்டியிருந்தது.
உள்ளே யாருமில்லை.
இரண்டு முறை தட்டினேன்.
திறந்திருந்தால் போயிருப்பேன்.

பத்து மணிக்குப் பையோடு மாடியேறி வந்தாள். கீழே ஆட்டோவில் மச்சான் காத்திருந்தார். வாசலிலேயே நோட்டை நீட்டினேன். “படிச்சுட்டு உள்ள வா. இல்ல, படிச்சுட்டுப் போ.”

நின்றபடியே படித்தாள். பையை இறக்கவில்லை. மறுபடியும் படித்தாள்.

“எத்தன தடவ தட்டுனீங்க?”

“ரெண்டு. அதான் எழுதியிருக்கேன்ல.”

என்னையே பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கிற பார்வை. நோட்டை வாங்கி, இரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன்.

“கடைசித் தடவ காலால,” என்றேன்.

அவள் படிக்கட்டுப் பக்கம் குனிந்து குரல் கொடுத்தாள். “அண்ணே, நீ கெளம்பு.”