வாரண்டித் தாளில் என் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

கடவுள் துணை.

வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்து ஏற்றத்தில், கார் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ உடைந்து உருளுகிற சத்தம். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். இவர் மட்டும் நிதானமாக, "எனக்கு முன்னாடி வண்டிக்கு ஆஸ்பத்திரி போகணும்போல இருக்கு" என்றார். சிரிக்கிற நேரமா அது? வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

வாரத்துக்கு மூன்று நாள். இந்த வண்டியை வாங்கியதே அதற்குத்தான். நாற்பத்தைந்து வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதற்குத்தான்.

பயமில்லை. கூடுதல் வாரண்டி இருக்கிறது. கம்பெனி கொடுக்கிற மூன்று வருஷம் முடிந்தாலும் அதற்கு மேல் இரண்டு வருஷம். ஷோரூமில் கார் விற்கிற என் தம்பி எடுத்துக் கொடுத்தது.

ஜூன் 4, புதன்

பில்களைத் தேதி வாரியாகத் தைத்து எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் கிலோமீட்டரோடு எழுதிய நோட்டும் கையில். பார்த்து அசந்துபோவார்கள் என்று நினைப்பு.

கவுன்டரில் இருந்தவர் அசந்துதான் போனார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் வெச்சிருக்க மாட்டாங்கம்மா." பிறகு இரண்டு பில்லை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். போன வருஷம் ஆயில் மாற்றியது இரண்டும் எங்கள் தெரு மெக்கானிக்கிடம். ஒரு சர்வீஸை வெளியில் செய்தாலும் வாரண்டி செல்லாதாம். கியர்பாக்ஸ் செலவு முழுக்க என் தலையில்.

எனக்கு எதிரான சாட்சியை நானே தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

தெரு மெக்கானிக்கிடம் விடச் சொன்னது யார்? தம்பிதான். "ஆயில் எங்க மாத்தினா என்னக்கா, பில்லை மட்டும் பத்திரமா வை." வைத்தேனே.

ஜூன் 5, வியாழன்

இன்றும் வாடகைக் கார். தம்பி போனை எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாரண்டிப் புத்தகம் நாலு வருஷமாகப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. மருந்துச் சீட்டிலிருந்து சோப்பு உறை வரை விடாமல் படிக்கிற நான் இதைப் படிக்கவில்லை. தம்பி கொடுத்ததில் படிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது எனக்கு. இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் படித்தேன். தேய்கிற சாமான்கள் சேராதாம், அதாவது பிரேக், பெல்ட், கிளட்ச் தட்டு. சர்வீஸ் கம்பெனியிலேயே, அதுவும் தேதி தவறாமல். வேண்டாம் என்றால் வாங்கி முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாம். 'ஒரு ஆணி கழண்டாலும் கம்பெனி பாத்துக்கும்' என்றானே, அந்த ஆணி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கடைசியில் விண்ணப்பத்தின் நகல். 'நிபந்தனைகள் எல்லாம் எனக்குப் படித்து விளக்கப்பட்டன.' கீழே என் கையெழுத்து.

நான் போடவில்லை.

வளைவும் இழுப்பும் அச்சு அசல் என்னுடையதுதான். ஆனால் பக்கத்தில் கடவுள் பெயர் இல்லை. பால் அட்டையில் என்றாலும் ஓரத்தில் பொடியாக அதை எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. வண்டி வாங்கிய அன்றைக்குத் தாளைக் கொண்டுவாடா, படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். எல்லாம் முடிஞ்சாச்சுக்கா என்று புத்தகத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான்.

முடித்தது இப்படியா?

ஜூன் 9, திங்கள்

தம்பி வந்தான். தாளைக் காட்டினேன். மறுக்கவில்லை, அதுவரை நல்லது.

"நீ ஒரு தாளைக் கையில வாங்கினா ரெண்டு நாள் படிப்பே. அன்னிக்கு மாசக் கடைசி. என் டார்கெட்டுக்கு ஒரே ஒரு வாரண்டி குறைஞ்சுது."

ஆயில் விஷயம் கேட்டேன். எனக்குச் செலவு மிச்சமாகட்டும் என்று சொன்னானாம். அந்தப் பக்கத்தை அவனும் படித்ததில்லையாம். விற்கிறவனே படிக்கவில்லை!

அப்புறம் சொன்னான்: "நீ மட்டும் அப்பா கையெழுத்தை என் ரேங்க் கார்டுல போடலையா?"

போட்டேன். மூன்று தடவை. பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தான். இந்த வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

"அது உனக்கு அடி விழக் கூடாதுன்னு போட்டது. இதை யாருக்காகப் போட்டே?"

எழுந்து வாசலுக்குப் போனான். செருப்பை மாட்டும்போது, புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். காபி வைத்திருந்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பிரார்த்தனையில் மனசு நிற்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கையெழுத்து. வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இது என் கூடவே ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை. எங்கே போய்த் திட்ட?

இவர் சொன்னார்: "பணத்தை விடு. இதை விட்டா, உன் பேரை யார் வேணும்னாலும் எழுதலாம்னு ஆயிடும்."

ஜூன் 16, திங்கள்

ஷோரூம் மேனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். எட்டு வரி. அது என் கையெழுத்து அல்ல என்று எழுதினேன். யாருடையது என்று எழுதவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த தம்பியின் மேஜையைப் பார்த்தார்.

ஜூலை 19, சனி

வண்டி ஓடுகிறது. தெரு மெக்கானிக் பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தார்.

வாரண்டிக்குக் கட்டியதை மட்டும் ஷோரூம் திருப்பிக் கொடுக்கிறது. இவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அங்கே போனேன். அதற்கும் ஒரு தாள், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று. நின்றபடியே முழுக்கப் படித்தேன். ஓரத்தில் கடவுள் பெயரை எழுத ஆரம்பித்ததும், கேஷியர் பெண் கட்டத்துக்கு வெளியில் எதுவும் எழுதக் கூடாதும்மா என்றாள்.

"அப்ப அது என் கையெழுத்து ஆகாதும்மா" என்றேன். விட்டுவிட்டாள்.

திரும்பும்போது தம்பியைப் பார்த்தேன். வேலை போகவில்லை. மேஜைதான் மாறியிருக்கிறது, வாசலோரம். எதிரே வயதான தம்பதி. அதே வாரண்டிப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து அவர்களுக்குப் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

நானும் கூப்பிடவில்லை. இவரைக் கூட்டிவர நேரமாகிவிட்டது.