வடக்கு ஜன்னல்

மாண்ட்ரியல், ஆகஸ்ட் 29

அக்கா,

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டைக் காலி செய்கிறோம் என்ற இரண்டு மாத நோட்டீஸ் அது. குத்தகையைப் புதுப்பிக்கும் தாள் என்று சொன்னேன். படிக்காமல் என்னை நம்பினார். அடுப்பை அணைக்க மூன்றாவது முறை மறந்துவிட்டார், வேறு வழி தெரியவில்லை.

பேனாவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் கறாராகப் பேசினார். "திபோ, வடக்கு ஜன்னல்ல காத்து வருது. பனிக்கு முன்னால சரி பண்ணித் தர்றேன்னு சொல்லு, அப்பத்தான் போடுவேன்."

திபோ என்னைப் பார்த்தார். "பண்ணிடறேன் சார்."

இன்று ஏணியோடு வந்து சரிசெய்தும் விட்டார்.

"பாத்தியா, விடாம கேக்கணும்" என்கிறார் அப்பா.

அக்டோபர் கடைசியில் முதியோர் இல்லத்து வண்டி வரும். நீதான் வந்து சொல்ல வேண்டும். அவர் அந்த ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பனி எப்போது விழும் என்று கேட்கிறார்.

உன் தம்பி