சக்கையில் வந்த சர்க்கரை

ஜூலை 14
இன்றும் சக்கை கரைந்தது. இந்த அயனித் திரவம் உண்மையில் ஓர் உப்பு. சூடாக்காமலே தேன்போல ஓடும். கரும்புச் சக்கையைப் போட்டு மெல்லக் காய்ச்சினால் நாரெல்லாம் கரைந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் செல்லுலோஸ் மட்டும் திரிந்த பால்போலப் பிரிந்து வரும். அதைக் கழுவி நொதி சேர்த்தால் சர்க்கரை. இன்றைக்குக் கருவி காட்டிய அளவைப் பார்த்துக் கூட வேலை செய்யும் டெஸ், சர்க்கரை ஆலையோரம் இருக்கும் எங்கள் சோதனைக் கொட்டகைக்குள்ளேயே ஆடினான்.

தம்பி வின்ஸுக்குப் போன் போட்டேன். "நிலத்தை விக்காதடா, பொறு. கரும்பு கட்டாட்டியும் சக்கைக்கு விலை வரும்."

"நெலத்தக் கேட்டு சோலார் கம்பெனிக்காரன் வாசல்லயே நிக்கிறான்க்கா. சரி, நீ சொல்ற, வெரட்டிடறேன்."

ஆகஸ்ட் 3
மூன்றாவது முறையும் அப்படியே வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 21
மழை. வயலில் இறங்கிக் கரும்பு வெட்ட முடியாததால் ஆலை நின்றுவிட்டது. வழக்கமாக எடுக்கும் ஆலைத் தண்ணீர் இல்லாமல் ஊர்க் குழாயிலிருந்து இழுத்து வேலை பார்த்தோம். சர்க்கரை ஏறக்குறைய இல்லை. ஏன்?

ஆகஸ்ட் 22
மறுபடி செய்தோம். மறுபடி ஒன்றுமில்லை. "டவுன் தண்ணிக்கு ருசியே பத்தல" என்றான் டெஸ். சிரித்தேன். பாதிச் சிரிப்பில் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25
ஆலை ஓடத் தொடங்கியதும் அதன் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்தேன். சர்க்கரை!

சாறு காய்ச்சும்போது நுரை பொங்கினால் ஆவியோடு சர்க்கரையும் போய்விடும். அந்த ஆவி குளிர்ந்த தண்ணீர்தான் எங்களுக்கு வருவது. கரும்பு ஊரான எங்கள் மெக்காயில் இது யாருக்குத் தெரியாது? பாய்லருக்கும் இதே தண்ணீர் போவதால் பாய்லர்காரர்கள் இதற்குத்தான் பயந்து சாவார்கள். ஆனாலும் ஆவியிலிருந்து வந்தது, சுத்தமானது என்று எல்லோரையும்போல நானும் சொல்லி வளர்ந்தவள். கழுவியதும் அதில்தான், நொதி கலந்ததும் அதில்தான். வெறும் தண்ணீரைத் தனியாகச் சோதித்தேனா? இல்லை. ஆலையின் சர்க்கரையை என் சர்க்கரை என்று நினைத்துக் கூத்தாடியிருக்கிறேன். சீ!

ஆகஸ்ட் 30
இன்னொன்றும் புரிந்தது. பிரிந்து வந்த செல்லுலோஸில் ஒட்டியிருக்கும் அயனித் திரவம் நொதியைக் கொன்றுவிடுகிறது. நிறையக் கழுவினால் சரியாகும். ஆனால் அவ்வளவு தண்ணீரையும் காய்ச்சி உப்பை மீட்க எரிக்கும் சக்கையின் செலவு, கிடைக்கும் சர்க்கரையின் விலையைவிட அதிகம். எப்படிக் கணக்குப் போட்டாலும் கட்டுப்படியாகவில்லை.

செப்டம்பர் 2
பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். இந்தப் பருவத்துக் கரும்பு அரவை முடிந்ததும் கொட்டகையை மூடுவார்களாம். அது போகட்டும். வின்ஸிடம் எந்த வாயால் சொல்வேன்?

செப்டம்பர் 9
ஞாயிறு. வின்ஸ் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி மரிசா பாலாடைக்கட்டி அடைத்த பஸ்டிசியைச் சுடச்சுடப் போட்டாள். வந்தவர்களிடமெல்லாம் வின்ஸ், "எங்கக்கா சக்கையத் தங்கமாக்கப் போறா, எவனும் நெலத்த வித்துடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். மரிசா குனிந்து என்னிடம், "சோலார்காரங்க பக்கத்து நெலத்த வாங்கிட்டாங்க அண்ணி. இனிமே இங்க வரமாட்டாங்களாம்" என்றாள். கையிலிருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. கோழை.

செப்டம்பர் 11
சொல்லிவிட்டேன். கரும்பு வரிசை நடுவே நின்று கேட்டான்.

"அப்ப நான் அவன வெரட்டினது?"

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். டிராக்டரில் ஏறிப் போய்விட்டான். அவன் பாட்டுக்கு உழுகிறான், எதற்கு உழுகிறான் என்று அவனுக்கே தெரியாது. கடவுளே, என்ன செய்துவிட்டேன்.

அக்டோபர் 19
வின்ஸ் இன்னும் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 28
அரவை முடிந்தது. கொட்டகையும்தான்.

வின்ஸ் வந்தான். புது ஆரஞ்சுச் சட்டை, நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் வேலை. நிலத்தை மாடு மேய்க்கிறவனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டானாம். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"வின்ஸ், நான்..."

"விடுக்கா. பொய்யா இருந்தாலும் அந்த ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. அப்பா போனப்புறம் நான் நிம்மதியா தூங்கினது அப்பத்தான்."

வண்டி போனபின் படலைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.