தும்புத்தடியும் இடது கையும்

ஜூன் 9, திங்கள்
விடிய மழை. பிறகு புழுக்கம். பிசியோவுக்குப் போனேன். மார்பில் ஆபரேஷன் செய்த பக்கம், இடது கை, தோளுக்கு மேல் போகவில்லை. பிசியோ பிள்ளை ஷாலினி முகத்தைச் சுளித்தாள்.

"அன்ரி, வீட்டில கையை அசைக்கிறதே இல்லையோ?"

எப்படி அசைப்பது? இவருடைய அக்கா, என் மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து உதவிக்கு வந்து நிற்கிறார். தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தூக்க விடமாட்டார். "தையல் பிரிஞ்சு போகும். சும்மா இரு."

அடுத்த மாதம் மூன்றாம் தேதி ரேடியேஷனுக்கான ஸ்கேன். கை தலைக்கு மேல் போய்க் கிடக்க வேண்டும். போகாவிட்டால் எல்லாமே தள்ளிப்போகும். பயமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி
வாங்க: சவர்க்காரம், கறிவேப்பிலை.
ஷாலினி தந்த பயிற்சி: மல்லாந்து படுத்து, நீளத் தடி ஒன்றை இரு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது. கொழும்பில், இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் தடிக்கு எங்கே போக? வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு கட்டிலில் ஏறினேன். மச்சாள் கண்டுவிட்டார்.

"ஐயோ கடவுளே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரம், தும்புத்தடியோட கட்டிலில!"

முதலில் சிரிப்பு. பிறகு அழுகை. "கை மேல போகாட்டில் ரேடியேஷன் இல்லை மச்சாள். சும்மா இருந்துதான் இறுகினது."

மச்சாள் தடியைப் பறித்துக்கொண்டு குசினிக்குப் போனார். கோபம் என்று நினைத்தேன். தும்பைக் கழற்றி, தடியை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

"இந்தா. இப்ப தூக்கு."

ஜூன் 22, ஞாயிறு
மச்சாள் இப்போது ஷாலினியைவிட மோசம். தேத்தண்ணீருக்கு முன்பே தடி. தலைமாட்டில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." கக்கத்துக்குள் கயிறு இழுப்பது போல வலி, கத்தினேன். கீழ் வீட்டுக்காரி மேலே வந்து கேட்டாள்: "அக்கா, ஆருக்குப் பிள்ளைப்பேறு?" சிரித்த சிரிப்பில் தடி மூக்கில் விழுந்தது.

விரல் இன்று கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தொட்டது! மச்சாள் பாலப்பம் சுட்டார். வீடு கூட்டத்தான் ஒன்றும் இல்லை.

ஜூலை 3, வியாழன்
ஸ்கேன். வெளியே மச்சாள், வாய்க்குள் தேவாரம். உள்ளே குளிர். மேசையில் படுத்தேன். கையை மேலே எடுக்கச் சொன்னார்கள், சிங்களத்தில். எடுத்தேன். வலித்தது. போனது. போய்க் கிடந்தது! "ஹரி அம்மே, ஹரி." சரியாம். கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் மேலே.

வெளியே வந்தால், பொரளைச் சந்தியில் நல்ல வெயில். மச்சாள் ஓட்டோ மறிக்கப் போனார்.

"நில்லுங்கோ, நான் மறிக்கிறன்."

இடது கையை நேரே தூக்கினேன். மூன்று ஓட்டோ வந்து நின்றன.

"ஒண்டு போதும் பிள்ளை, கையை இறக்கு!"

இறக்கவில்லை.