உள்பக்கம் அடித்த பலகை

கதிர்காமக் கந்தன் துணை

பசறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிஷாந்தினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் நல்ல சுகம், அதுபோல நீயும் மாப்பிள்ளை துஷாந்தும் உன் வயிற்றுப் பிள்ளையும் கிளிநொச்சியில் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வராது, அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு உன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று உன் மாமியார் சொன்னதில் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்கே தெரியும். ஆனாலும் அவர் சொன்ன காரணத்தைப் பிழை என்று சொல்ல முடியுமா? போன மழைக்குக் குசினிக்குப் பின்னால் இருக்கிற மேடு சரிந்து, சேறு அடுப்பு வரைக்கும் வந்ததே. பார்க்க வந்த அதிகாரி மேலே மலைக்கு ஆபத்தில்லை, இந்த இடுப்பளவு மேட்டைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது உன் அப்பாவுக்கு மரச்சுவர்ப் பைத்தியம். டவுனில் மரம் விற்கிற இன்ஸாப் நானாவிடம் டர்பன்டைன் மரத் தூணும் தடித்த பலகையும் வாங்கி வந்து, தூணின் அடியெல்லாம் கழிவு ஒயில் பூசி, ஆழமாகக் குழி தோண்டி நட்டார். மண் அள்ளிக் கொட்டியது நான்தான், கையெல்லாம் கொப்புளம்.

ஆனால் மனுஷன் செய்த வேலையைக் கேள். சம்பந்தி வந்து பார்த்தால் அழகாக இருக்க வேண்டுமாம், தூண் தெரியக் கூடாதாம், அதற்காகப் பலகையை எல்லாம் வெளிப்பக்கம், பின்முற்றத்தைப் பார்த்தபடி அடித்து வார்னிஷும் பூசிவிட்டார். தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் வந்து மெச்சியது. முதல் தூறலிலேயே பின்னால் இருந்த மண் ஊறித் தள்ளியதில் ஆணி கழன்று இரண்டு பலகை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்பாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நம் மாட்டுப்பட்டிதான் ஞாபகம் வந்தது. “பட்டியில பலகைய உள்பக்கந்தானே அடிச்சிருக்கீங்க, மாடு சாஞ்சா தூணு தாங்குது, மண்ணும் அப்படித்தாங்க சாயும்” என்றேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மண்ணைத் தோண்டி எடுத்து, பலகையைக் கழற்றி, தூணுக்குப் பின்னால் மண் பக்கமாக அடித்தார். பிறகு பலகைக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பி, தண்ணீர் வெளியேற அடியில் பைப்பும் வைத்தோம். எல்லாம் தன் யோசனை என்றுதான் இன்ஸாப் நானாவிடம் அளந்திருக்கிறார், நீயும் நம்பியதாகவே காட்டிக்கொள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமியார் பதுளையில் தங்கை வீட்டுக்குப் போவதாக உன்னிடம் சொன்னாராமே, அது சும்மா, வெள்ளிக்கிழமை நேரே இங்கேதான் வந்து இறங்கினார். வந்த கையோடு மழையும் பிடித்துக்கொண்டது. நேற்று அடித்துக் கொட்டுகிற மழையில், நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பின்பக்கம் போனார். குடையை அப்பா கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பலகையைத் தள்ளிப் பார்த்தார், பிறகு தோளைக் கொடுத்தும் தள்ளினார். சுவர் அசையவே இல்லை, பைப்பு வழியாகச் சேறில்லாத தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த சேலையோடு குசினிக்குள் வந்து நின்றவர், “புள்ள பெத்தவளுக்குத் தண்ணி காயவைக்க இந்த வெறகு போதுமா” என்று கேட்டார். எனக்கு உடனே விளங்கவில்லை. “பத்தாட்டி இன்னும் வெட்டிப் போடுங்க, அடுத்த மாசம் நானே அவளக் கூட்டியாந்து விடுறேன்” என்றார். ஈரச் சேலையோடு அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன் மகளே.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நான் கோபப்பட்ட இடத்தை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டாதே. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, வாளி தூக்காதே. கந்தன் அருளால் தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். கட்டிலை உனக்காகச் அந்த மரச்சுவர்ப் பக்கத்து அறையிலேயே போட்டுவிட்டேன், பயமில்லாமல் வா.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா ஜீவராணி